நபோமணியைப் பற்றி ஊர் சொல்வது

மங்களூர்
18 ஜனவரி 2009

அன்புத் தம்பி ரெமிஜியஸுக்கு,

செவரின் அக்காவின் ஆசிகள். நான் நலம்; முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. ஷார்ஜாவில் நீயும் க்ளெண்டாவும் அனிட்டாக் குட்டியும் சுகம்தானே? கிறிஸ்துமஸ் பலகாரம் உடையாமல் வந்து சேர்ந்ததா என்று நீ எழுதவே இல்லை.

போனில் பேசலாமே என்று க்ளெண்டா சொல்வாள். இடது காது எப்போதோ போய்விட்டது. இப்போது வலது காதும் அதற்குத் துணையாகக் கிளம்பியிருக்கிறது. போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள் மாட்டிய ஈ போலக் கேட்கிறது. ஆகவே கடிதம்தான்.

டாக்டர் லோபோவின் தோட்டம் விற்றுப் போனது. நம் சந்துக்கு நேர் கீழே, அந்தச் சரிவில், முப்பத்திரண்டு மாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம். பெயர் நபோமணி. கட்டுகிறவர் கருணாகர ஆள்வா. ஊர் முழுக்க இதே பேச்சு. அந்தப் பேச்சு நடப்பது நம் வராந்தாவில். எதிர்வீட்டு வாமன ஹெக்டே, பேங்க் மேனேஜராக இருந்தாரே அவர்தான், காலையில் வந்து கடற்காற்று நின்றுவிடும் என்கிறார். மாலையில் அவர் மனைவி வந்து, மேல்மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியுமா என்று விசாரிக்கிறாள். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். மீன்காரி கிரிஜக்காவுக்கும் சந்தோஷம்தான், லிஃப்டில் மீன்கூடையை ஏற்ற விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லும் வரை. "டீச்சரம்மா, அத்தனை மாடி நான் ஏறணுமா, இல்ல அவங்க எறங்கி வருவாங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறாள், கட்டுவது நான் என்பது போல.

ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்பதில்லை. எனக்குத்தான் காது கேட்காது, இவர்களுக்கு என்ன வந்தது? கடைசியில் கணக்கு டீச்சர் என்று சொல்லி என்னையே சந்துக் கமிட்டிக்குத் தலைவியாக்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உன் தொழிலே அஸ்திவாரம். அவர்கள் குன்றை வெட்டப்போவது நம் சந்தின் காலடியில். அப்படி வெட்டினால் சந்து நிற்குமா? இரண்டு வரி எழுது, கமிட்டியில் படிக்கிறேன்.

தேவன் உங்கள் மூவரையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும்.

அக்கா செவரின்

*

ஷார்ஜா
9 பிப்ரவரி 2009

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் ஆசி வேண்டி ரெமி. நாங்கள் மூவரும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, அல்லது டாக்டரிடம் தடவுவதாகச் சொல்கிறீர்களா? பலகாரம் உடையாமல் வந்தது. உடைக்கும் வேலையை அனிட்டா பார்த்துக்கொண்டாள்.

இங்கே வேலை கொஞ்சம் மந்தம். ஜன்னலில் நின்று பார்த்தால் கிரேன்கள் எல்லாம் ஆடாமல் நிற்கின்றன. ஊர் அமைதியாக இருக்கிறது.

இந்த வயதில் கமிட்டி, தலைவி என்று எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள்? ஊர் இன்று ஒன்று சொல்லும், நாளை வேறு சொல்லும். நடுவில் நீங்கள் கெட்ட பெயர் வாங்கவேண்டாம்.

ஆள்வாவின் கம்பெனி பெரியதா? அஸ்திவாரத்துக்குச் சொந்தமாக ஆள் வைத்திருக்கிறார்களா, வெளியாளா? சும்மா கேட்கிறேன்.

க்ளெண்டா அன்பு சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெமி

*

மங்களூர்
1 மார்ச் 2009

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். எண்ணெய் தடவுகிறேன், போதுமா? உங்கள் சுகத்துக்காக ஞாயிறு பூசையில் ஒரு மெழுகுவத்தி வைத்தேன்.

நான் கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பதில் தவிர எல்லாம் உன் கடிதத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் சைபர் போட்டிருப்பேன்.

ஆள்வா போன வாரம் சந்துக்காரர்களைக் கூப்பிட்டுத் தேநீர் விருந்து வைத்தார். வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள், மக்கள் கருத்து அறிகிறார்களாம். நபோமணி உங்கள் பகுதிக்கு, அ: பெருமை. ஆ: மிகுந்த பெருமை. நான் இ என்று ஒன்றை நானே எழுதிச் சேர்த்து, மண் சரிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். மறுநாள் மாலைப் பத்திரிகையில் சந்தே பெருமைப்படுவதாகப் படத்தோடு செய்தி. படத்தில் நான் கட்லெட் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஹெக்டேவை இப்போது காற்று தொந்தரவு செய்வதில்லை. பதினான்காவது மாடியின் வரைபடத்தை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் காற்று இன்னும் நன்றாக வரும் என்று என்னிடமே விளக்குகிறார்.

மண் வெட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பகல் முழுக்க அலமாரியில் கோப்பைகள் நடுங்குகின்றன. நீ கேட்டாயே, அஸ்திவாரத்துக்கு அவர்களிடம் சரியான ஆள் இல்லை என்றுதான் பேச்சு. தேடுகிறார்களாம்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது. சுகமாக இருங்கள், சீக்கிரம் எழுது.

செவரின்

*

ஷார்ஜா
11 ஏப்ரல் 2009

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்துகள். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். எல்லோரும் சுகம். உங்கள் காதை மறுபடி ஒருமுறை காட்டினால் என்ன?

க்ளெண்டாவும் அனிட்டாவும் இந்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறார்கள். உடுப்பியில் அவள் அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருப்பார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

நேரில் பார்க்காத மண்ணைப் பற்றி எழுதுவது என் தொழிலில் முறையல்ல. ஆனாலும் ஒன்று சொல்லுங்கள். சிவப்புக் கல்லை வெட்டி முடித்த பிறகு கீழே என்ன வந்திருக்கிறது? நிறம் என்ன? விரலால் அழுத்தினால் உள்ளே போகிறதா? சரிவின் பக்கவாட்டில் ஏதாவது சுவர் எழும்புகிறதா?

தயவுசெய்து இதையெல்லாம் நான் கேட்டதாகக் கமிட்டியில் சொல்லவேண்டாம்.

ரெமி

*

மங்களூர்
23 ஏப்ரல் 2009

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். காதைக் காட்டியாயிற்று, அது வயது என்றார் டாக்டர். அதற்கு ஒரு டாக்டர் எதற்கு? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று நானே கம்பூன்றி இறங்கிப் போய்ப் பார்த்தேன். சிவப்புக் கல்லுக்குக் கீழே வெள்ளை, நடுவில் ரோஜா நிறக் கோடுகள். சேடி மண், இந்தப் பக்கத்துக் குன்றெல்லாம் அதுதானே. விரல் போகவில்லை, ஆனால் நகத்தால் கீறினால் மாவு மாதிரி உதிர்கிறது. சுவர் எதுவும் இல்லை. நீலத் தார்ப்பாய் ஒன்று கட்டியிருக்கிறார்கள், சந்திலிருந்து யாரும் பார்க்காமலிருக்க.

மே பத்தாம் தேதி, ஞாயிறு பூசைக்குப் பிறகு, பள்ளி மண்டபத்தில் பொதுக்கூட்டம். ஆள்வா வருகிறார். மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி. அதற்குள் உன் பதில் வந்தாக வேண்டும்.

கோயிலில் க்ளெண்டாவின் தங்கையைப் பார்த்தேன். அனிட்டாவுக்குப் பள்ளிச் சீருடைத் துணி வாங்க வந்தாளாம். விடுமுறைக்கு வருகிற குழந்தைக்கு உடுப்பியில் சீருடை எதற்கு என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்கும்படி சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தேவ பலம் உன்னோடு இருக்கட்டும்.

செவரின்

*

மங்களூர்
11 மே 2009

ரெமிஜியஸ்,

உன் நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் பதில் வரவில்லை. மேடையில் என் இடது பக்கத்தில் மைக். அந்தக் காதில் கோயில் மணி அடித்தாலும் கேட்காதென்று உனக்குத் தெரியும். மண்டபம் நிறைய ஆள். பாதிப் பேர் குன்று போயிற்று என்றார்கள், பாதிப் பேர் ஊர் வளர்கிறது என்றார்கள், ஒருவர் எழுந்து வண்டி எங்கே நிறுத்துவது என்று நெடுநேரம் பேசினார். பிறகு ஆள்வா மைக்கைப் பிடித்தார். அவர் வாயசைவில் உன் பெயர் வந்தது. சபை கைதட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு எழுதாமல் நேராகக் கூட்டத்துக்கே பதில் அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன். பூரித்துப் போனேன். எழுந்து நின்று கைகூப்பி, மைக்கில், "என் தம்பி சொன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

மண்டபமே சிரித்தது. ஆள்வா எனக்குக் கை கொடுத்தார். ஹெக்டே மேடையேறி வந்து என் வலது காதில் கத்தினார்: "டீச்சர், ஜூன்ல இருந்து உங்க தம்பிதான் அவங்க சைட்டுக்குத் தலைமை இன்ஜினியராம். வீட்டுக்குள்ளயே எல்லாத்தையும் முடிச்சிட்டு எங்களை எதுக்குக் கூட்டம் போட வெச்சீங்க?"

நாற்பது வருஷம் வகுப்பில் நின்றவள் நான். ஒரு பிள்ளையும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

செவரின்

*

ஷார்ஜா
19 மே 2009

அக்கா,

உங்கள் ஆசி கேட்கும் தகுதி இன்று எனக்கில்லை.

டிசம்பரிலேயே வேலை போய்விட்டது. எங்கள் கம்பெனி எழுப்பிக்கொண்டிருந்த எல்லாக் கட்டடமும் பாதியில் நிற்கிறது. வீட்டைக் காலி செய்து நண்பன் ஒருவனின் அறையில் இருக்கிறேன். வேலை கேட்காத இடமில்லை. திரும்பிப் பதில் வந்தது ஆள்வாவிடமிருந்து மட்டும்தான்.

பலமுறை எழுத உட்கார்ந்தேன். உங்கள் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் அந்த வேலை போகும். பொய் சொல்ல வரவில்லை. அதனால் எதுவுமே சொல்லாமல் இருந்தேன்.

பதில் இதுதான். சேடி மண் காய்ந்தால் கல், நனைந்தால் தயிர். மழைக்கு முன் தாங்குசுவர் எழும்பாவிட்டால் சந்து நிற்காது. ஜூன் முதல் தேதி சேருகிறேன். உள்ளே இருந்தால் முதலில் அந்தச் சுவரைக் கட்ட வைக்கலாம் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது?

ரெமி

*

கங்கனாடி, மங்களூர்
8 ஜூன் 2009

அக்கா,

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால் போடுகிறேன். தபால்காரர் உங்களிடம் என்ன சொன்னாலும் கோபிக்காதீர்கள். நீங்கள் கதவைத் திறக்காததால் வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டில் நின்றபோது சந்தில் எல்லா ஜன்னலும் திறந்தன, நம் வீட்டு ஜன்னல் மட்டும் சாத்திக்கொண்டது. ஹெக்டே வெளியே வந்து, பதினான்காவது மாடியில் குழாய்கள் என்ன கம்பெனி என்று கேட்டார்.

சரிவைப் பார்த்தேன். நான் பயந்ததைவிட மோசம். ஆள்வாவிடம் சுவரைப் பற்றிப் பேசினேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ரெமி, மண்ணுக்குள்ள இருக்கற சுவரைப் பாத்து யாராவது ஃபிளாட் புக் பண்ணுவாங்களா? மாடி தெரியணும். மழை முடியட்டும், சுவரைப் பாத்துக்கலாம்" என்றார்.

மழை முடிந்த பிறகு அங்கே தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் உடனே உடுப்பிக்குப் போய்விடுங்கள். க்ளெண்டா அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். என்மேல் கோபத்தை அங்கிருந்தும் படலாம்.

மழையில் நனையாதீர்கள்.

ரெமி

*

மங்களூர்
12 ஜூன் 2009

ரெமிஜியஸ்,

முழங்கால் அப்படியே. காது அப்படியே.

எனக்கு ஆபத்து என்றால் இந்தச் சந்து முழுக்க ஆபத்து. உன் அக்காவுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி உடுப்பிக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களைத் தூங்கவிடுவாயா? இப்போது என் வராந்தாவுக்கு யாரும் வருவதில்லை. எனக்கு இலவசமாக ஒரு ஃபிளாட் எழுதித் தந்துவிட்டார்கள் என்பது புதிய கருத்து. எந்த மாடி என்பதில்தான் அவர்களுக்குள் வேறுபாடு.

நீ எனக்கு எழுதியதை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுது. கீழே உன் பெயரைப் போடு. அதன் பிறகு நான் பெட்டி கட்டுகிறேன்.

செவரின்

*

கங்கனாடி
20 ஜூன் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தமுறை தைரியமாக ஆசி கேட்கிறேன். வீடுவீடாகக் கொடுத்துவிட்டேன், பெயரோடு. அதிகாரிகளுக்கு முந்தின நாளே ஒன்று கொடுத்திருந்தேன். உங்களுக்கு உரியதைக் கதவிடுக்கில் வைத்தேன், எடுத்திருப்பீர்கள்.

அதிகாரிகளிடம் கொடுத்த அன்று மாலையே வேலை போயிற்று. அதை எதிர்பார்த்தேன். எதிர்பாராதது சந்துக்காரர்களைத்தான். முதல் வீட்டில், வேலை பறிபோன ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்றார்கள். எழுதியதால்தான் பறிபோனது என்று விளக்கினேன். எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். அடுத்த வீட்டில் காப்பி கொடுத்து, படிக்காமல் மடித்து வைத்தார்கள். ஹெக்டே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் படித்துவிட்டு, "இதை இப்பவே சொல்லணுமா? நான் அட்வான்ஸ் குடுத்திருக்கேன். இது வெளிய தெரிஞ்சா விலை என்ன ஆவறது?" என்றார். வீடு சரியும் என்கிறேன், விலை சரியும் என்கிறார். கூடையோடு வந்த கிரிஜக்கா ஒருத்திதான், யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இனி சந்துக்குள் வராமல் முனையிலேயே விற்பதாகச் சொன்னாள்.

அக்கா, இத்தனை மாதம் இவர்களோடு எப்படிப் பேசினீர்கள்? எனக்கு இரண்டு மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். இனி நீங்கள் சொன்னபடி கிளம்புங்கள். சாவியைக் கொடுத்தால் நான் நம் வீட்டில் இருந்து விரிசல்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

ரெமி

*

மங்களூர், நம் வீடு
17 ஜூலை 2009

அன்புள்ள அக்காவுக்கு,

உடுப்பியில் சுகமாக இருப்பீர்கள். அனிட்டாவுக்கு நீங்கள் கணக்குச் சொல்லித் தருவதாகவும், அவள் அழுவதாகவும் க்ளெண்டா எழுதியிருந்தாள். நான் நலம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. நம் வீட்டில் சமையலறை போய்விட்டது. மற்றதெல்லாம் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை. நான்கு நாளாக விடாத மழை. பாதையின் குறுக்கே இருந்த விரிசலில் முந்தின நாள் விரல் நுழைந்தது. அன்று கையே நுழைந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கடிதத்தைப் படிக்காமல் மடித்தவர்கள்கூட என் முகத்தைப் பார்த்ததும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஹெக்டே குடையோடு கேட்டில் நின்றார். கமிட்டி கூடாமல் வீட்டைக் காலி செய்வது சரியான முன்மாதிரி இல்லை என்றார். பின்னால் அவர் மனைவி அழுகிறாள். நான் குடையைப் பிடுங்கி எறிந்தேன். அக்கா, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பெரியவரின் கையைப் பிடித்து இழுத்தேன். "சார், நடங்க. உங்க கருத்தை முனையில நின்னு சொல்லுங்க" என்றேன். முனைக்குப் போகும் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டுச் சுற்றுச்சுவர் போனது. அதன் பின்னால் அவர் வீட்டின் பாதி. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத் துணியைக் கீழே போட்டது போல ஒரு சத்தம். ஹெக்டேவின் மனைவி அவர் கையை விடவில்லை. நான் அங்கேயே சாலையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. இன்ஜினியர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போதைய கருத்து.

அதிகாரிகள் வேலையை நிறுத்திவிட்டார்கள். தாங்குசுவர் முடியாமல் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்று உத்தரவு. நேற்று ஆள்வாவே வந்தார். அந்தச் சுவரை என்னால்தான் கட்ட முடியும், திரும்பி வா என்கிறார். இன்று காலை கமிட்டி வந்தது. நபோமணி எழவே கூடாது, நான் அவர்கள் பக்கம் நின்று சாட்சி சொல்லவேண்டும் என்கிறது. போகும்போது ஹெக்டே மட்டும் பின்தங்கி, நஷ்டஈடாகப் பதினான்காவது மாடி கிடைக்குமா என்று மெல்லக் கேட்டார்.

சுவர் இல்லாவிட்டால் அடுத்த மழையில் மீதிச் சந்தும் போகும். ஆனால் மறுபடி ஆள்வாவிடம் போனால் ஊர் என்ன சொல்லும்? உங்களைத்தான் முதலில் சொல்லும். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

ரெமி

*

உடுப்பி
1 செப்டம்பர் 2009

அன்புத் தம்பி ரெமிக்கு,

அக்காவின் ஆசிகள், முழுசாக. நான் சுகம். இந்த ஈரத்தில் முழங்கால் படுத்துகிறது. அனிட்டாவுக்குப் பின்னம் வந்துவிட்டது, அழுகை நின்றுவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடவில்லை என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது.

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. சமையலறை போனதை ஜீரணிக்க நாளாயிற்று. அம்மா சமைத்த இடம்.

ஊர் என்ன சொல்லும் என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். இன்னுமா உனக்கு அந்தச் சந்தேகம்? நீ போனால், அக்கா கூச்சல் போட்டுத் தம்பிக்கு வேலை வாங்கிவிட்டாள் என்பார்கள். போகாவிட்டால், அக்காவும் தம்பியும் சேர்ந்து சுவரைத் தடுத்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கு ஏற்கெனவே ஒரு ஃபிளாட் இருக்கிறது, இன்னொன்றும் கொடுக்கட்டும்.

போ. போய்ச் சுவரைக் கட்டு. சுவர் முடிகிற வரை வேறெதற்கும் கையெழுத்துப் போடாதே. முடிந்த பிறகு கோபுரம் எழுவதும் எழாததும் அவர்கள் பாடு.

நான் கோபப்பட்டது ஆள்வாவிடம் நீ வேலைக்குச் சேர்ந்ததற்கு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேலை போனதை மறைத்து, கிரேன்கள் ஆடாமல் நிற்கின்றன, ஊர் அமைதியாக இருக்கிறது என்று எனக்கு எழுதினாயே, அதற்குத்தான். உனக்குப் பசித்ததை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமை எப்போது வந்தது நமக்கு?

வரும் செவ்வாய்க்கிழமை மாதா பிறந்தநாள், நம் மொந்தி பண்டிகை. காலைப் பூசையில் மந்திரித்த புது நெற்கதிரோடு நான், க்ளெண்டா, அனிட்டா மூவரும் பஸ்ஸில் வருகிறோம். சமையலறை இருந்த பக்கம் தார்ப்பாய் கட்டி, வராந்தாவில் அடுப்பு வை. அன்று மீன் கூடாது, காய் வாங்கு. புது அரிசிச் சோறு வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டியது, ஹெக்டேவையும் அவர் மனைவியையும் கூப்பிடு. அவர்களுக்கு இப்போது அடுப்பே இல்லை. கருத்து சொல்வார், சொல்லட்டும். வாயில் சோறு இருக்கும்போது கொஞ்சம் நிறுத்துவார்.

அக்கா செவரின்